நாத்தனார் கொண்டுவந்த நாலு கோழிகள்

என் கணவரின் தங்கை தன் புருஷன் வீட்டை விட்டு எங்களிடம் வந்த அன்று, ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு மூங்கில் கூடை. வாயைப் பழைய புடவையால் மூடிக் கட்டியிருந்தது. புடவைக்கு அடியில் ஏதோ புரண்டது. அவள் தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். பெட்டி இல்லை, படுக்கை இல்லை.

"சாமானெல்லாம் எங்கே?" என்று கேட்டேன்.

"அப்பால எடுத்துக்கலாம் அண்ணி. இதுங்கள வுட்டுட்டு வர மனசு வரல" என்றபடி புடவையை அவிழ்த்தாள். உள்ளே நாலு பெட்டைக் கோழிகள், வெளிச்சம் பட்டதும் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன. ஒன்று கருப்பு, ஒன்று செவலை, ஒன்று புள்ளி. நாலாவதற்குக் கழுத்தில் இறகே இல்லை. சிவந்த வெறும் தோல். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பு கூசியது.

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதச் சனிக்கிழமை அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடையாறில், பெசன்ட் நகர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டின் பின்பக்கத்து போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, பின்னால் கிணற்றடி. கிணற்றைச் சுற்றி ஒரு முருங்கை மரம் நிற்கும் அளவுக்கு மண். என் கணவர் இருசக்கர வண்டி ரிப்பேர் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தார். நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். இரண்டு பேர் இருக்கவே இடம் போதாத வீடு. இப்போது மூன்றாவதாக ஒருத்தி, நாலு கோழிகளோடு.

இரவு அவள் சமையலறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். நான் என் கணவரிடம் மெதுவாக, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது? கூடப் பொறந்தவ. எனக்கு அவ, அவளுக்கு நான். வேற யாரு கீறாங்க?"

அவர் சொன்னது உண்மைதான். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஆனால் உண்மை என்பதால் எனக்கு அது பிடித்துவிடவில்லை. இதை இன்று மறைப்பதில் பிரயோஜனமில்லை. அவள் சீக்கிரம் திரும்பிப் போய்விட வேண்டும் என்று நான் முதல் நாளிலிருந்தே விரும்பினேன்.

அவளுடைய புருஷன் சினிமாவில் லைட்மேன். வடபழனியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் வீடு. குடிப்பவர் இல்லை, அடித்ததாகவும் அவள் சொல்லவில்லை. ஏன் வந்தாள் என்று என் கணவர் ஒரு தரம் கேட்டார். "இருக்கப் புடிக்கல" என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்தால்தானே கேட்பது. வேலைக்குப் போகாத நேரமெல்லாம் நான் வீட்டுக்குள், அவள் கிணற்றடியில்.

வந்த வாரத்திலேயே அண்ணனும் தங்கையுமாகக் கூண்டு கட்டினார்கள். பட்டறையில் கிடந்த பேக்கிங் பலகைகள், முன்பக்கம் கம்பி வலை, மேலே ஓர் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் துண்டு. தரையில் வைக்காமல் சிமென்ட் கல் அடுக்கி அதன் மேல் ஏற்றினார்கள். கூரைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் நாலு விரல் அளவுக்கு இடைவெளி இருந்தது. பலகை பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாடியில் வீட்டுக்காரர்கள். பல தலைமுறையாக மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய தெருவில் இருந்துவிட்டு, அடையாறில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். மாமி கூண்டைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"இதென்னம்மா, கோழியா? நம்மாத்துலயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் நாத்தனார்தான் பதில் சொன்னாள். "நாலும் பெட்டை மாமி. சத்தம் போடாது."

"சேவல் இல்லாம எப்படி முட்டை போடும்?"

"அது பாட்டுக்குப் போடும் மாமி. குஞ்சு வேணும்னாத்தான் சேவல்."

மாமிக்கு அது புதுச் செய்தி போலிருந்தது. எனக்கும்தான். மாடியேறிவிட்டார்.

ஆவணியிலும் புரட்டாசியிலும் தினம் மூன்று முட்டை கிடைத்தது, சில நாள் நாலு. காலையில் அவள் முந்தானையில் ஏந்திக்கொண்டு வந்து அடுப்பு மேடையில் வைப்பாள். பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடந்து போய்க் கிளிஞ்சல் பொறுக்கி வந்து, துவைக்கிற கல்லில் வைத்து நுணுக்கி, குருணையோடும் கம்போடும் கலந்து போடுவாள். அப்போதுதான் முட்டை ஓடு கெட்டியாக வருமாம். நான் அந்த முட்டைகளைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தன. ஆனால் கிணற்றடியில் எச்சத்தை மிதித்த நாளெல்லாம் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து வரும் காற்றில் துணி மூன்று நாளானாலும் காயாது. அறைக்குள் கொடி கட்டிப் போட்டால் அதுவும் நாறும். கிணற்றடி மண் சகதியானது. முருங்கைக்குக் கீழே இறகுகள் சிதறிக் கிடந்தன. கோழிகளைப் பார்க்கவே சகிக்கவில்லை. செவலைக்கு வால் விழுந்துவிட்டது. கருப்புக்கு முதுகில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. முட்டை மூன்றிலிருந்து ஒன்றாகி, ஒரு கட்டத்தில் அதுவும் நின்றது.

"ஏதாவது சீக்கா?" என்று கேட்டேன்.

"சீக்கு இல்ல அண்ணி. பொழுது சுருங்கிப் போச்சுல்ல, வெளிச்சம் பத்தாது. இப்பத்தான் இறகும் மாத்தும். துன்றதெல்லாம் புது இறகுக்கே போயிடும். முட்டைக்கு மிச்சம் இருக்காது."

"எத்தனை நாள் இப்படி?"

"ரெண்டு மாசம், மூணு மாசம். தை வரைக்கும்."

"அப்ப சும்மா தீனி போட்டு வெச்சுக்கிட்டு எதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. நான் கோழியைத்தான் சொன்னேன். ஆனால் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தவளுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கும். அன்று மத்தியானம் தட்டில் பாதிச் சோற்றைத்தான் போட்டுக்கொண்டாள். நான் அதைக் கவனித்தும், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்லவில்லை.

மழைக்காலத்தில் அவளுக்கு வேலை இரட்டிப்பானது. திருவான்மியூரில் ஒரு மரவாடிக்குப் போய் மரத்தூள் மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். கூண்டில் ஈரமான தூளை எடுத்துவிட்டு, சுண்ணாம்பைத் தூவி, காய்ந்த தூளைப் பரப்புவாள். கையால் அள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். உருண்டையாக நின்றால் மறுபடியும் மாற்றுவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள். சாயங்காலத் தீனியில் நுணுக்கின மிளகு. இவ்வளவு செய்தும் ஈரத்தில் வாடை எழும்பத்தான் செய்தது. மாமி ஒருநாள் மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மழை நாள்ல அதுகளை எங்க கொண்டு விடுவேள்? மார்கழி முடியறவரைக்கும் பொறுத்துக்கறேன். தை பொறந்ததும் எங்கயாவது அனுப்பிடுங்கோ. கோச்சுக்காதேம்மா."

"சரி மாமி" என்றேன். எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. கோழிகள் போனால் அவளும் போய்விடுவாள் என்று எப்படியோ ஒரு கணக்குப் போட்டிருந்தேன்.

கார்த்திகை தொடக்கத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், பல் கிட்டும்படி குளிர், பிறகு நெருப்பாகக் கொதிப்பு. இரண்டு போர்வை போட்டும் பாய் நடுங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியா. வாந்தியும் சேர்ந்துகொண்டதால் அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"கூண்டுல ஈரம் ஆகாம பாத்துக்குங்க அண்ணி."

பகலில் அவளோடு பக்கத்துத் தெருவில் இருந்த என் சித்தி இருந்தார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வந்துவிட்டு நான் போவேன். காலையிலும் இருட்டுவதற்கு முன்பும் கோழிகள் என் பொறுப்பு. அதுவரை நான் ஒரு கோழியைத் தொட்டதில்லை. கூண்டுக் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டபோது புள்ளிக் கோழி நகராமல் உட்கார்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்க முடிந்தது. என் உள்ளங்கையில் அதன் வயிறு பட்டது. அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. இறகுக்கு உள்ளே, காய்ச்சல்காரி நெற்றியைப் போல. கையை உடனே எடுக்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் ரேடியோவில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். காற்று ஊளையிட்டது. கழுத்தில் இறகில்லாத கோழி ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றது. வெறும் கழுத்தோடு அது எப்படித் தாங்கும் என்று தோன்றியது. ஈரம் ஆகக்கூடாது என்றாளே. கூரைக்குக் கீழே இருந்த அந்த நாலு விரல் இடைவெளி என் கண்ணில் பட்டது. என் கணவரிடம் பிளாஸ்டிக் தாள் வாங்கி வரச் சொல்லி, இரண்டு பக்கமும் இழுத்து ஆணி அடிக்க வைத்தேன். கம்பி வலையின் மேல் கோணியை மாட்டி, அதன் மேலும் தாளைச் சுற்றினேன். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு மூச்சுக் காற்று உள்ளே போகாதபடி. அவள் வந்து பார்த்தால் மெச்சிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை கோணியை விலக்கியபோது உள்ளிருந்து வந்த நெடியில் கண் எரிந்தது. தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மழைதான் எப்படியோ புகுந்துவிட்டது என்று முடிவுகட்டி, சாயங்காலம் இன்னொரு தாள் சேர்த்துச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் காலை புள்ளிக் கோழி கதவோரம் கிடந்தது. அலகைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் களகளவென்று சத்தம். கண்ணில் நுரை. கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். ஒரு காலில் செருப்பை மாட்டியிருப்பேன், மடியில் அது ஒருமுறை விறைத்து, பிறகு கனமானது. அந்தக் கனத்தை இப்போதும் என் தொடை ஞாபகம் வைத்திருக்கிறது.

குப்பைத்தொட்டியில் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். நான் முடியாது என்றேன். முருங்கைக்குக் கீழே அவரே மண்வெட்டியால் குழி தோண்டிக் கொடுத்தார். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு சாவு என்று சொல்ல வந்துவிட்டது. பிறகு திருத்திக்கொண்டு, உடம்பு சரியில்லை என்றேன்.

முதல் இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் அவள் கோழிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியிருந்தது. கஞ்சி குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணி, நாலும் கீதா?"

"இருக்கு. நாலும் நல்லா இருக்கு."

அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதோரம் ஓடியது. அவள் துடைக்கவில்லை. நான் ஃபிளாஸ்க்கைக் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

"அதே கலர்ல ஒண்ணு சைதாப்பேட்டை மார்க்கெட்ல வாங்கியாந்து வுட்டுடலாம்" என்றார் என் கணவர். அரை நாள் நானும் அதைச் சரி என்றே நினைத்தேன். பிறகு, அவள் அந்தக் கோழிகளைப் பார்க்கும் விதம் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவள் வீட்டுக்குள் நுழையாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியே நேராகக் கிணற்றடிக்குப் போனாள். நான் ஓடிப் போய் முன்னால் நின்றேன்.

"மூணுதான் இருக்கு. புள்ளி செத்துப்போச்சு. நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். பிளாஸ்டிக் தாளும் கோணியும் அப்படியே சுற்றியிருந்தன. கிட்டே போய், ஆணியில் மாட்டியிருந்த தாளை ஒரு பக்கமாக மெதுவாகக் கிழித்தாள். நான் மறுபக்கத்தைக் கிழித்தேன்.

"குளிரு கோழிய ஒண்ணும் பண்ணாது அண்ணி. அதுக்கு ஒடம்பு பூரா இறகு கீது. ஈரந்தான் ஆவாது. அதுங்க மூச்சே ஈரம், எச்சமும் ஈரம். மேல சந்து இருந்தாத்தான் அதெல்லாம் வெளிய போவும்."

"நான் அடைச்சிட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். எப்போதிருந்து வாயைத் திறந்து மூச்சு விட்டது, எச்சம் என்ன நிறம், தீனி எடுத்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது போனதைச் சொன்னதும் கேள்வி நின்றது.

"மடியிலயா?"

"ஆமா. டாக்டர்கிட்ட கொண்டு போகலாம்னு எடுத்தேன். அதுக்குள்ள போயிடுச்சு."

பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். போன வருஷம் அவளிடம் பன்னிரண்டு கோழிகள் இருந்தனவாம். அவள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். எங்களிடம்கூடச் சொல்லவில்லை. கார்த்திகை மழையில் ஒருநாள் உதிரப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கரு தங்கவில்லை. நாலு நாள். புருஷன் அவுட்டோர் ஷூட்டிங்கில். மாமியார் சேர்த்துவிட்டுப் போனதோடு சரி. மூன்றாம் நாளே புருஷன் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அடுத்த கால்ஷீட் இருந்ததால் நேராக வேலைக்குப் போய்விட்டார்.

"நாலாம் நாளு நானே பஸ் புடிச்சு வூட்டுக்குப் போனேன் அண்ணி. கூண்டுக் கதவு நான் சாத்தினது சாத்தினபடி கீது. யாரும் தொறக்கல. தண்ணி வெக்கல. எட்டு செத்துக் கெடந்துது. இந்த நாலுதான் மிச்சம். பக்கத்துல அதுங்க செத்துக் கெடக்க, இதுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிகினு நின்னுனு இருந்துது. அந்தக் கதவப் பாத்தப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நாலு நாளா என்னையும் யாரும் வந்து பாக்கலன்னு. அதுவரைக்கும் அது எனக்குத் தோணவே இல்ல."

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவள் ஏன் கோழிகளைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது. கேட்க அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது.

"இது ஒங்க மடியில செத்துது. பாத்துகினு இருக்கறப்ப செத்துது. யாரும் பாக்காம சாவறது வேற அண்ணி" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து போய் மரத்தூளை அள்ளிப் பிடித்துப் பார்த்தாள். உருண்டையாக நின்றது. "எல்லாத்தையும் மாத்தணும்" என்றாள். அன்று மாற்றியது நான். அவள் கல்லில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல, நான் சுண்ணாம்பு தூவித் தூளைப் பரப்பினேன்.

மார்கழி பிறந்தது. விடியலில் வாய் திறந்தால் புகை மாதிரி வரும் அளவுக்கு அந்த வருஷம் பனி இருந்தது, அல்லது எனக்கு அப்படி ஞாபகம். மாமி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் கோலம் போடும்போது நாங்கள் இரண்டு பேரும் கிணற்றடியில் இருப்போம். கோழிகளுக்குப் புது இறகு முளைத்துவிட்டது. கருப்பின் முதுகில் வெயில் பட்டால் பச்சையும் நீலமுமாக மின்னும். சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து என் கணவர் கூண்டுக்குள் ஒரு பல்பு போட்டுக் கொடுத்திருந்தார். விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் அதைப் போட்டு வைத்தால், பொழுது நீண்டுவிட்டதாகக் கோழி நினைத்துக்கொள்ளுமாம். பத்துப் பன்னிரண்டு நாளில் செவலை ஒரு முட்டை போட்டது. சின்னது, ஓட்டில் கொஞ்சம் ரத்தக் கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் புருஷன் வந்தார். ஒல்லியான மனிதர், கைகளில் பழைய தீப்புண் தழும்புகள். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். என் கணவர் பட்டறைக்குப் போயிருந்தார். நாத்தனார் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வூட்டுக்கு வா" என்றார். "நாலு மாசம் ஆச்சு."

"தெரியும்."

"நான் இன்னா பண்ணேன்? அடிச்சனா, குடிச்சனா?"

"ஒண்ணும் பண்ணல. அதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா தங்கச்சி. பொறந்த வூட்ல எத்தினி நாளிக்குக் கெடப்பா?"

ஆவணியில் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவள் துணிப்பையை நானே எடுத்துக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைகூடப் போயிருப்பேன். "அவளுக்கு எப்ப வரணும்னு தோணுதோ அப்ப வரட்டும் அண்ணே. தோணலன்னா இங்கேயே இருக்கட்டும். இது அவ அண்ணன் வீடு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நாத்தனார் கையிலிருந்த துடைப்பம் ஒரு நொடி நின்று, மறுபடியும் அசைந்தது.

பிறகு அவர் பார்வை கூண்டுக்குப் போன ஒயரின் மேல் விழுந்தது. இரண்டு ஒயரைச் சேர்த்த இடத்தில் என் கணவர் வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்.

"இது யாரு போட்டது? மழ பேஞ்சா ஷாக் அடிக்கும். கோழியும் போவும், நீங்களும் போவீங்க" என்றவர், மெயினை அணைக்கச் சொன்னார். பாக்கெட்டிலிருந்து கறுப்பு டேப் சுருள் ஒன்றை எடுத்தார். லைட்மேன்கள் அதை எப்போதும் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, முடிச்சைப் பிரித்து, தனித்தனியாகச் சுற்றி, ஒயரை மழை படாதபடி கூரைக்குக் கீழே ஒதுக்கிக் கட்டினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அவள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "வரேன்" என்றார். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அவர் போன பிறகு, "நல்ல மனுஷன்தானே?" என்று கேட்டேன்.

"கெட்டவருன்னு நான் சொன்னேனா அண்ணி? லைட்டு போடச் சொன்னா எங்க வேணா போடுவாரு. யாராச்சும் சொல்லணும்."

தை பிறந்ததும் மாமி நினைவுபடுத்தினார். நான் இன்னும் ஒரு மாதம் கேட்கலாம் என்றிருந்தேன். ஆனால் நாத்தனார் அதற்கு முன்பே தரமணியில் ஒரு பால்வாடியில் ஆயா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அங்கேயே பக்கத்தில் ஓட்டுச் சாய்ப்போடு ஓர் அறை. அப்போது தரமணியில் வீடுகளுக்கு இடையில் நிறைய வெற்று மண் கிடந்தது. கோழி மேய்வதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். என் கணவர் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் கூண்டை ஏற்றிக் கட்டினார். மாமி மாடியிலிருந்து இறங்கி வந்து அவளுக்குக் குங்குமம் கொடுத்தார். "கோழி வேண்டாம்னுதான் சொன்னேன். உன்னைப் போகச் சொல்லலைடி" என்றார். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அவள் போனதும் சமையலறை எங்களுக்கே எங்களுக்கென்று ஆனது. முதல் வாரம் அது எனக்கு இடமாகத் தெரியவில்லை, வெறுமையாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தரமணிக்குப் போகத் தொடங்கினேன். அவள் புருஷனும் மாதம் ஒருமுறை வந்துபோனார். உள்ளே வராமல் வாசலில் குந்தி, அவள் கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, ஏதாவது ஒரு சுவிட்சையோ தாழ்ப்பாளையோ சரிசெய்துவிட்டுப் போவார். வருத்தமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியல அண்ணி" என்றாள். அவர்கள் கடைசிவரை ஒரே வீட்டில் சேர்ந்து வாழவில்லை. பிரிந்துவிட்டதாகவும் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த ஐப்பசியில், மழை விடாத ஒரு பிற்பகல், நான் அவளிடம் ஒரு செய்தி சொல்லப் போனேன். நாலு வாரமாக அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் சொல்லாமலே திரும்பியிருந்தேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்றும் வாய் வரவில்லை. ஈரக் குடையை மடக்கிவிட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த விதத்திலேயே அவள் கண்டுகொண்டாள்.

"எத்தினி மாசம்?"

"நாலு."

அவள் எழுந்து, தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். சாய்ப்புக்குக் கீழே கூண்டின் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூப்பிடலாமா என்று தவித்தேன். கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

திரும்பி வந்தபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அடுப்பைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"வாந்தி கீதா?"

"காலையில மட்டும்."

"சொல்றதுக்கு இவ்ளோ நாளா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பாயை எடுத்து உதறி, என் முதுகுக்கு அண்டக் கொடுக்கச் சுவரோரமாக மடித்துப் போட்டாள்.